எட்டயபுரம் பக்கம் அமூர் வல்லூறு?

17 நவம்பர் 2025, வாசகர் கேள்வி

நேற்று மாலை எட்டயபுரத்துக்கும் விளாத்திகுளத்துக்கும் இடையில் மின்கம்பியில் ஏழு சிறிய வல்லூறுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கால்கள் ஆரஞ்சு நிறம். கைப்பேசியில்தான் படம் எடுக்க முடிந்தது. அமூர் வல்லூறு என்றே எனக்குப் படுகிறது. நம் பக்கத்தில் இதுதான் முதல் பதிவா?

18 நவம்பர், காலை, பதில்

முதல் பதிவு இல்லை. சைபீரியப் பக்கத்திலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகும் அமூர் வல்லூறைத் தமிழ்நாட்டில் முன்பும் பார்த்திருக்கிறார்கள், இலங்கையிலும் பார்த்திருக்கிறார்கள். அரிது என்பது மட்டும் உண்மை. ஆனால் உங்கள் படத்தில் இருப்பது ஒரு கம்பியும் ஏழு கறுப்புப் புள்ளிகளும். தவிட்டுக்குருவி என்று ஒருவர் அடித்துச் சொன்னாலும் மறுக்க வழியில்லை.

ஆரஞ்சுக் கால் என்கிறீர்கள். சாயங்கால வெயிலில் காக்கையின் கால்கூடக் கொஞ்சம் ஆரஞ்சாகத்தான் தெரியும். நான் கேட்பது வேறு. உட்கார்ந்திருந்தபோது இறக்கை நுனி எங்கே இருந்தது? நம் ஊருக்குக் குளிர்காலத்தில் வாடிக்கையாக வரும் கெஸ்ட்ரல் என்ற சிறு வல்லூறுக்கு வால் நீளம். மடக்கிய இறக்கை வால் நுனியை எட்டாமல் நின்றுவிடும். அமூருக்கு இறக்கை வால் நுனி வரை வரும், சில பறவைகளில் சற்றுத் தாண்டியும் நிற்கும். அடுத்தது, பறந்தபோது அடியிறக்கையைப் பார்த்தீர்களா? ஆண் அமூர் உடம்பெல்லாம் கரும்சாம்பல், தொடையும் வாலடியும் செங்கல் நிறம். அடியிறக்கையின் முன்பாதி மட்டும் வெள்ளை வெளேரென்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டால் விவாதமே வேண்டாம்.

18 நவம்பர், இரவு

இன்னொருவர் ஒரு படத்தைப் போட்டு "எங்கள் ஊரிலும் அமூர் வந்துவிட்டது" என்கிறார். சிவந்த கண், வெள்ளை வயிறு, தோளில் கறுப்புத் திட்டு. ஐயா, அது கருந்தோள் பருந்து. வருடம் முழுக்க இங்கேயே குடியிருப்பது. சைபீரியாவுக்கு அதற்கு வழிகூடத் தெரியாது.

20 நவம்பர்

கேள்வி கேட்ட தம்பி இரண்டாவது படம் அனுப்பியிருக்கிறார். இது பரவாயில்லை. ஒரு பறவை பக்கவாட்டில் திரும்பி இருக்கிறது. கண்ணுக்குக் கீழே கறுப்பு மீசை, வெளிறிய மார்பில் கரும் கீற்றுகள், இறக்கை நுனியும் வால் நுனியும் சமம். பெண்ணாகவோ இளம் பறவையாகவோ இருக்க வேண்டும். கெஸ்ட்ரல் என்ற பேச்சை இத்துடன் விட்டுவிடலாம். ஹாபி என்ற இன்னொரு சிறு வல்லூறாக இருக்கலாமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. ஆனால் ஹாபிக்கு மேல்வால் பட்டை இல்லாமல் ஒரே நிறமாக இருக்கும். இந்தப் பறவையின் வாலில் பட்டைகள் தெரிகின்றன. ஆக, ஒரு பறவையைப் பொறுத்தவரை "பெரும்பாலும் அமூர்" என்று சொல்வேன். மற்ற ஆறும் இன்னும் புள்ளிகள்தான்.

நம் பக்கத்தில் இது ஏன் அரிது என்று கேட்டிருந்தார்கள். தேசப்படத்தை எடுத்து நாகாலாந்திலிருந்து சோமாலியாவுக்கு ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். கிழக்குச் சைபீரியா, மங்கோலியா, வட சீனா பக்கம் குஞ்சு பொரிக்கும் இந்தப் பறவை, அக்டோபரில் நாகாலாந்து, மணிப்பூர், அசாம் மலைகளில் இலட்சக்கணக்கில் இறங்குகிறது. அங்கே ஈசல் தின்று கொழுத்துவிட்டு நவம்பரில் தென்மேற்கே கிளம்புகிறது. 2013 நவம்பரில் நாகாலாந்தின் வோக்கா மாவட்டத்தில் மூன்று பறவைகளுக்கு முதுகில் செயற்கைக்கோள் கருவி மாட்டினார்கள். அவற்றில் 'நாகா' என்று பெயரிட்ட ஆண் சுமார் 5,600 கிலோமீட்டரை ஐந்தரை நாளில் ஒரே மூச்சில் பறந்தது. பறவையின் எடை இருநூறு கிராம்கூட இல்லை, கருவி ஐந்து கிராம்.

இந்த மாதமும் மணிப்பூர் தமெங்லாங்கில் மூன்று பறவைகளுக்குக் கருவி மாட்டியிருக்கிறார்கள்: அபபாங், அலாங், ஆகு. அபபாங் என்ற ஆண் ஏறத்தாழ மூவாயிரம் கிலோமீட்டரை மூன்று நாள் சொச்சத்தில் கடந்துவிட்டது. இளம் பெண்ணான அலாங் வழியில் தெலங்கானாவில் ஓர் இரவு தங்கியது. நூல் போகும் வழி அதுதான்: தெலங்கானா, மகாராஷ்டிரம், அப்புறம் அரபிக்கடல். மகாராஷ்டிரத்து லோனாவாலாவில் வருடா வருடம் பறவைப் படம் எடுப்பவர்கள் கூடுவதும் அதனால்தான். எட்டயபுரம் அந்த நூலுக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே கிடக்கிறது. இங்கே வருவது காற்று ஒதுக்கிவிட்ட பறவை, அல்லது முதல் தடவை தனியாகப் பயணம் போகும் இளசு.

21 நவம்பர்

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். நூல் கணக்கு அவ்வளவு கறாரானது இல்லை. கருவி மாட்டிய பறவைகள் எத்தனை? விரல்விட்டு எண்ணும் அளவுதான். பறப்பவை இலட்சக்கணக்கில். கைவிரல் கணக்கை வைத்துக்கொண்டு இலட்சத்தின் பாதையைக் கோடாக வரைந்து, கோட்டுக்கு வெளியே பார்த்தவரை "அபூர்வம்" என்று ஒதுக்கிவிடுகிறோம். அந்தக் கோடு பாதையின் நடுப்பகுதியாக இருக்கலாம், ஓரம் எவ்வளவு அகலம் என்பது தனிக் கேள்வி. இன்னொன்று, இவை உயரத்தில் போகிறவை. ஆயிரம் மீட்டருக்கு மேலே ஒரு கூட்டம் கடந்துபோனால் கீழே பருத்திக்காட்டில் நிற்பவருக்கு என்ன தெரியும்? மழையோ எதிர்க்காற்றோ கீழே இறக்கினால்தான் அந்தப் பறவை நமக்கு உண்டு. நான் சொல்ல வருவது, அரிதாக இருப்பது பறவை வருவதா, இறங்குவதா என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

21 நவம்பர், பின்மாலை

தட்டானுக்கும் இந்த வல்லூறுக்கும் என்ன தொடர்பு என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மாலத்தீவில் இருந்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009-இல் எழுதியது இது: அக்டோபர் தொடங்கி இந்தியாவிலிருந்து கிளம்பும் தட்டான்கள் மாலத்தீவு வழியாக இந்துமாக்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா போகின்றன, வடகிழக்குக் காற்று அவற்றைத் தூக்கிக்கொண்டு போகிறது. அதே மாதங்களில், அதே காற்றில்தான் அமூர் வல்லூறும் கடல் தாண்டுகிறது. கடல்மேல் பசித்தால் பக்கத்திலேயே சாப்பாடு பறந்துகொண்டிருக்கிறது என்பது அவர் கருத்து. கட்டுச்சோறு தன்னாலே கூட வருகிற பயணம். கடல்மேல் தின்பதை யாரும் அருகிலிருந்து பார்த்ததில்லை, ஆனால் பொருந்தி வருகிறது.

"தும்பி பறந்தால் தூரத்தில் மழை" என்று நம் ஊரில் சொல்வார்கள். ஐப்பசி கார்த்திகையில் உளுந்துக்காட்டின் மேலே தட்டான் மொய்க்கும் சாயங்காலங்களில்தான் நான் மேலே பார்ப்பது. ஒரே ஒரு முறை பலன் கிடைத்தது. சில வருடங்களுக்கு முன் கயத்தாறு பக்கம், காற்றாலைகளுக்கு இந்தப்புறம். தலைக்கு மேலே பனை உயரத்தில் ஓர் ஆண். சாம்பல் உடம்பு, அடியிறக்கையில் அந்த வெள்ளை. சட்டென்று சரிந்து ஒரு தட்டானைக் காலால் பிடித்தது. இறங்கவில்லை, பறந்தபடியே காலை முன்னால் நீட்டித் தலையைக் குனிந்தது. தட்டானின் இறக்கைகள் மட்டும் தனித்தனியாகச் சுழன்றுகொண்டு கீழே வந்தன. ஒன்று என் பைக்கின் பெட்ரோல் டாங்க் மேல் விழுந்தது. படம் இல்லை. கேமரா பையினுள் இருந்தது. அந்தப் பதிவை இன்று வரை யாரும் ஏற்றதில்லை, நானும் வற்புறுத்தியதில்லை.

23 நவம்பர்

"நாகர்கள் கொன்று தின்ற பறவை" என்று ஒருவர் காரமாக எழுதியிருக்கிறார். 2012 அக்டோபரில் நடந்தது உண்மை. நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் மீன்வலைகளைக் கட்டி ஒரே பருவத்தில் ஒரு இலட்சத்துக்கு மேல் பிடித்தார்கள் என்பது அப்போதைய மதிப்பீடு. படங்கள் உலகமெல்லாம் போயின. ஆனால் அடுத்த வருடம் என்ன ஆனது என்பதை ஏன் யாரும் சொல்வதில்லை? 2013 பருவத்தில் அந்த நீர்த்தேக்கத்துப் பக்கத்துப் பாங்தி கிராமத்தில் வலை கட்டவில்லை. கிராம சபைகள் தடை போட்டன, தேவாலயங்கள் வேண்டாமென்று சொல்லின, வலை கட்டியவர்களும் நிலக்காரர்களுமே சங்கம் வைத்துக் காவல் நின்றார்கள். வலை என்பது அவர்களுக்குக் கைக்கு வரும் காசு. அதை ஒரே வருடத்தில் விட்டார்கள்.

நம் கரிசலில் கௌதாரிக்கும் காடைக்கும் கண்ணி வைப்பது எத்தனை தலைமுறையாக நடக்கிறது? நெடுஞ்சாலை ஓரத்தில் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு விற்பதை நாம் எல்லோரும் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறோம். அடுத்த ஊரைத் திட்டும் உரிமை நமக்கு இப்போதைக்கு இல்லை.

26 நவம்பர்

இரண்டு மூன்று நாள் கொட்டிய மழை விட்டதும் போய்வந்தேன். வண்டியைத் தார்ச்சாலையிலேயே விட வேண்டியதாயிற்று. கரிசல் ஈரமானால் செருப்பு ஒரு கிலோ ஆகிவிடும், பாதி வழியில் கையில் எடுத்துக்கொண்டேன்.

வல்லூறு ஒன்றும் இல்லை. கெஸ்ட்ரல் ஒன்று, மாண்டேகு பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்து போனது, பனங்காடைகள், கம்பி முழுக்க பஞ்சுருட்டான்கள். ஆனால் தம்பி சொன்ன கம்பத்தடியில் புல்மேல் சில கக்கல் உருண்டைகள், அதாவது பறவை செரிக்காததைச் சுருட்டி வெளியே கக்கியவை, கிடந்தன. மழையில் பாதி கரைந்திருந்தாலும் இரண்டு முழுசாக இருந்தன, சுண்டுவிரல் நுனி அளவு. ஒன்றை இலைமேல் வைத்துக் குச்சியால் பிரித்தேன். வண்டின் பளபளப்பான முதுகோட்டுத் துண்டுகள், வெட்டுக்கிளியின் முள்வைத்த கால், ஈசல் தலைகள், தட்டான் இறக்கைச் சிதறல். எலி மயிரோ எலும்போ ஒன்றும் இல்லை. முழுக்கப் பூச்சி தின்ற ஏதோ ஒன்று அங்கே உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மேல் இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பனங்காடையும் பஞ்சுருட்டானும்கூட இப்படித்தான் கக்கும்.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். சின்னப் பருந்து மாதிரி, கூட்டமாக, தட்டான் தின்பது. பெரியவர் யோசிக்கவே இல்லை. வருடா வருடம் மழைக்காலத்தில் வரும், நான்கைந்து நாள் இருக்கும், போய்விடும் என்றார். எனக்கு நெஞ்சு படபடத்தது. என்ன நிறம் என்று கேட்டேன். பச்சை, வால் நீலம் என்றார்.

பஞ்சுருட்டான். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

27 நவம்பர்

இரவெல்லாம் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தப் பெரியவர் இன்னொன்றும் சொன்னார், பஞ்சுருட்டான் என்று தெரிந்ததும் நான் காதில் வாங்கவில்லை. "சிலது பறந்தபடியே காலில் வைத்துத் தின்னும்" என்றார். பஞ்சுருட்டான் அப்படிச் செய்யாது. அலகால் பிடிக்கும், கம்பிக்கு வந்து இரையை அடித்துக் கொன்றுதான் விழுங்கும். காலில் வைத்துப் பறந்தபடி தின்பது வல்லூறுகளின் வேலை. ஆக, இரண்டு பறவைகளை அவர் ஒரே பேச்சில் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஹாபியும் அப்படித் தின்னும் என்பதால் இது அமூருக்குச் சாட்சி ஆகாது. ஆனாலும் நாள் முழுக்க அந்தக் காட்டில் நிற்பவர் அவர். வாரக்கடைசியில் தொலைநோக்கியோடு போய் வரும் என்னைவிட அவருக்கு அதிகம் தெரிந்திருக்க நியாயம் உண்டு. மறுபடியும் போய்க் கேட்க வேண்டும், இந்தத் தடவை நிறத்தில் ஆரம்பிக்காமல்.

30 நவம்பர்

"டிட்வா புயல்தான் அந்த வல்லூறுகளைத் தெற்கே தள்ளிவந்தது" என்று சிலர் எழுதுகிறார்கள். தேதியைப் பாருங்கள். தம்பி பார்த்தது 16-ஆம் தேதி. புயல் இந்தக் கடைசி வாரத்தில் வந்தது. பத்து நாள் முன்னாலேயே பறவை புயலுக்குப் பயந்து ஓடிவந்தது என்றால், வானிலை மையத்தில் வல்லூறுக்கு வேலை கொடுத்துவிடலாம்.

இலங்கையில் நூற்றுக்கணக்கானோர் மாண்டிருக்கும்போது இதில் மேலும் வாதாட மனம் வரவில்லை. அங்கே நண்பர்கள் இருக்கிறார்கள், சிலரோடு இன்னும் பேச முடியவில்லை.

3 டிசம்பர்

தம்பியோடு அன்று பள்ளி ஆசிரியர் ஒருவரும் பைக்கில் வந்திருக்கிறார். அவர் கையில் பழைய கேமரா. இத்தனை நாள் அந்தப் படங்களைக் கணினியில் ஏற்றவே இல்லையாம்! நேற்றுதான் அனுப்பினார். பதினைந்து பதினாறு படங்கள் மங்கல், ஒன்று மட்டும் போதுமானது. கம்பியிலிருந்து எழும்பும் ஓர் ஆண். வயிறு சாம்பல், கால் ஆரஞ்சு, அடியிறக்கையின் முன்பாதி வெள்ளை, பின்பாதி கறுப்பு. அமூர் வல்லூறு, ஆண், 16 நவம்பர், எட்டயபுரம் வட்டாரம். முடிந்தது.

முடிந்தது ஒரு பறவைக்கு. தம்பி உடனே பறவைப் பதிவில் "7" என்று போட்டுவிட்டார். ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று வேண்டுமானால் போடலாம்: அந்த ஆண், இரண்டாம் படத்தில் இருந்த மீசைக்காரப் பறவை. மீதி ஐந்தையும் ஒரே கம்பியில் உட்கார்ந்திருந்த பாவத்துக்காக அமூர் ஆக்க முடியாது. இவை மற்ற சிறு வல்லூறுகளோடு சேர்ந்து உட்காரும் பழக்கம் உள்ளவை. தென்னாப்பிரிக்காவில் சிற்றூர் யூக்கலிப்டஸ் மரங்களில் சிறு கெஸ்ட்ரல்களோடு ஒன்றாகத்தான் இரவு அடைகின்றன. நம் கம்பியிலும் கலவையாக இருந்திருக்கலாம்.

4 டிசம்பர்

தம்பிக்குக் கோபம். ஏழையும் கண்ணால் பார்த்தேன், எல்லாம் ஒரே மாதிரி இருந்தன என்கிறார். பார்த்ததை யாரும் மறுக்கவில்லை. "அமூர் 2, இனம் தெரியாத சிறு வல்லூறு 5" என்று போட்டால் இருபது வருடம் கழித்து ஒருவர் அதை நம்பி எடுத்துக்கொள்வார். "7" என்று போட்டால் அந்த இரண்டையும் சேர்த்துச் சந்தேகப்படுவார். கயத்தாறில் என் பறவையைக் கேட்டால், அதற்குப் பூஜ்யம்தான் எண்ணிக்கை.

4 டிசம்பர், இரவு

மாற்றிவிட்டார். குறிப்பில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "மற்ற ஐந்தும் எனக்கு அமூர் போலவே தெரிந்தன." அது இருக்கட்டும். அது நியாயமான வரி.

9 டிசம்பர்

சரியான இடம் எது என்று தனிச்செய்தியில் கேட்பவர்களுக்கு: சொல்ல மாட்டேன். பறவை போய் மூன்று வாரம் ஆகிறது, வண்டிகள்தான் வரும். தம்பி, முதல் படத்தில் மைல்கல் தெரிகிறது, அதை வெட்டிவிட்டுப் போடுங்கள்.

பூச்சி விஷயம் பேச வேண்டும் என்று நினைத்திருந்தேன். 2018-இல் மக்காச்சோளத்தில் அமெரிக்கன் படைப்புழு வந்த பிறகு இந்தக் கரிசலில் மருந்தடிப்பு எக்கச்சக்கமாகிவிட்டது. கம்பும் சோளமும் இருந்த இடத்தில் மக்காச்சோளம், மானாவாரி நிலம் இருந்த இடத்தில் சோலார் பலகை. பூனைப்பருந்துகள் இரவு தங்கும் புல்வெளிகளும் அதில்தான் போகின்றன. வல்லூறு இறங்கினாலும் தின்ன என்ன இருக்கும்? என் கூடப்பிறந்த தம்பியே மக்காச்சோளம்தான் போட்டிருக்கிறான், வருடத்துக்கு எத்தனை தடவை மருந்தடிக்கிறான் என்று எனக்குத் தெரியும். புழு தின்ற பயிருக்கு வல்லூறு வந்து நஷ்டஈடு தருமா என்று கேட்கிறான். பதில் இல்லை.

18 ஜனவரி 2026

பொங்கல் முடிந்து பெரியவரைப் பார்த்தேன். நிறம் கேட்கவில்லை. எப்படி உட்காரும், எப்போது வரும், எங்கே அடையும் என்று கேட்டேன். காலில் வைத்துத் தின்பவை தனியாக வரும், பச்சைப் பறவையோடு சேராது, கார்த்திகைக்கு முன்னாலேயே போய்விடும் என்றார். எல்லா வருடமும் வராது, மழை முந்தும் வருடம்தான் என்றும் சொன்னார். அமூர் என்று நான் எழுதவில்லை. அவர் சொன்னதைத் தேதியோடு குறித்து வைத்திருக்கிறேன்.

ஏப்ரல், மே மாதத்தில் திரும்பும்போது பார்க்கலாமா என்று கேட்ட அம்மாவுக்கு: திரும்புகிறவை அரபிக்கடல் தாண்டி நேராக வடகிழக்கே போகும் அவசரத்தில் இருக்கும். சித்திரையில் நம் கரிசல் வெடித்துக் கிடக்கும், பூச்சியும் இருக்காது. நான் அலைய மாட்டேன். நவம்பர் நடுவில் மழை விட்ட மறுநாள், மூன்று மணிக்கு மேல் போங்கள். எட்டு மடங்கு தொலைநோக்கி போதும். தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள், அந்தச் சாலையில் கடை இல்லை.